மண்வெட்டியோடு போருக்குப் போனவர்

எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், தம்பி இரண்டாம் உலகப் போரில் இறந்தவர். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையே எங்கள் ஊர் இருக்கிறது. ரேஷன் கார்டு கேரளத்துடையது. பேச்சு, பெண் கொடுக்கல் வாங்கல், நல்லது கெட்டது எல்லாம் கோயம்புத்தூர்ப் பக்கத்து வழக்கம். இந்த ஊர்களில் ‘பர்மாவில் செத்தவர்’ என்று ஒருவரைச் சொல்லும் குடும்பங்கள் பல உண்டு. கேட்டால் அந்த ஒரு வரிக்கு மேல் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு கதை இருந்தது. ஜப்பான்காரனைச் சுட்டுக்கொண்டே முன்னேறியவர், நெஞ்சில் குண்டு வாங்கி விழுந்தார் என்பது கதை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது இதை எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜப்பானியர்களின் எண்ணிக்கை கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது.

ஆவணத்தில் அவர் பெயருக்கு முன்னால் ‘பயனியர்’ என்று இருக்கிறது. இந்தியப் பயனியர் படை என்பது போரின் கூலிப் பட்டாளம். சாலை போடுவது, ரயிலிலிருந்தும் கப்பலிலிருந்தும் மூட்டை இறக்குவது, விமானம் இறங்கத் தரையை நிரவுவது, மழையில் சரிந்த மலைச்சாலையிலிருந்து மண்ணை அள்ளுவது அவர்களுடைய வேலை. ஆயுதப் பயிற்சி ஓரளவு கொடுத்தார்கள். ஆனால் அன்றாடம் கையில் இருந்தது மண்வெட்டியும் கூடையும்தான். ஊரில் நிலக்கடலைக் காட்டில் மண் வெட்டிக்கொண்டிருந்த பையன், மணிப்பூர் மலையிலும் மண்தான் வெட்டியிருக்கிறான்.

இதைக் கண்டுபிடித்த வழியை எழுதினால், இதேபோல் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும்.

முதலில் அவரைப் பற்றித் தெரிந்தவை. சின்ன அப்பாரு என்று சொல்லிப் பழகிவிட்டோம். இறந்தபோது அவருக்கு இருபது வயது நிரம்பியிருக்காது. கல்யாணம் ஆகவில்லை. புகைப்படம் கிடையாது. குடும்பத்துக்கு நிலமும் கிடையாது. அண்ணனும் தம்பியும் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தார்கள். முன்பணம் வாங்கியிருந்ததால் அந்த இடத்தை விட்டு நகர முடியாத பண்ணையம்.

1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் இதைப் போரின் ஒரு நிகழ்வாகப் படிக்கிறோம். கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் மலபாருக்கும் அது அடுப்பில் விழுந்த அடி. இந்த மூன்று பகுதிகளும் சொந்த நெல்லை நம்பி வாழவில்லை, பர்மா அரிசியை நம்பி வாழ்ந்தன. கப்பல் நின்றதும் விலை ஏறியது, பிறகு அரிசியே கண்ணில் படவில்லை. மரவள்ளிக்கிழங்கும் ரேஷனும்தான் மிச்சம். எங்கள் அப்பத்தா அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது போரைக் குறிப்பிட்டதே இல்லை. ‘அரிசி கிடைக்காத காலம்’ என்றுதான் சொல்வார்.

அந்தக் காலத்தில்தான் சின்ன அப்பாரு ஒரு நாள் விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் மதுக்கரைக்கு நடந்து போயிருக்கிறார். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்களாம். போர் தொடங்கியபோது சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 16 ரூபாய். சோறு, துணி, பூட்ஸ் தனி. பண்ணையத்தில் ரொக்கமாக ஒரு ரூபாயைப் பார்ப்பதே அபூர்வமாக இருந்த வீட்டுக்கு இது பெரிய தொகை. பர்மா அரிசி நின்றதால் பட்டினி கிடந்தவர், பர்மாவை மீட்கப் புறப்பட்ட படையில் சேர்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

அப்போதைய இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை இருக்கவில்லை. போரின் முடிவில் இந்தியப் படையில் இருந்த சுமார் 25 லட்சம் பேரும் தாமாகச் சேர்ந்தவர்கள் என்றுதான் வரலாறு எழுதுகிறது. அது உண்மை. அந்தத் ‘தாமாக’ என்பதற்குப் பின்னால் எத்தனை வெறும் பானைகள் இருந்தன என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று முடிவு கட்டி, முதல் உலகப் போருக்குப் பிறகு மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகளைக் கலைத்துவிட்டிருந்தார்கள். மெட்ராஸ் பயனியர்களையும் 1933-ல் கலைத்தார்கள். பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை, அதே ஆட்களைத் தேடிச் சந்தைக்குச் சந்தை ஆளனுப்பினார்கள்.

மதுக்கரையில் போர்க்காலத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருந்தது. 1947-ல்தான் அது நீலகிரி வெலிங்டனுக்குப் போனது. அதனால் எங்கள் வீட்டில் எல்லாரும் அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் துப்பாக்கி பிடித்தவர் என்றே நம்பினார்கள். ஆள் எடுக்கும் இடத்துக்கு ஒருவர் போனார் என்பதால் அந்த இடத்தில் இருந்த படையில்தான் சேர்ந்தார் என்று ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பண்ணையாளை எங்கே அனுப்புவது என்பதை அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் முடிவு செய்தார்கள். ஆகவே உங்கள் ஆளைத் தேடும்போது காலாட்படையோடு நின்றுவிடாதீர்கள். பயனியர், பாலமும் பாதையும் போட்ட சாப்பர்ஸ், வண்டி ஓட்டியவர்களும் சரக்கு சுமந்தவர்களும் இருந்த ராணுவச் சேவைப் படை, மருத்துவமனைப் பணியாளர் ஆகிய நான்கையும் பாருங்கள். சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவாளர் என்றெல்லாம்கூடப் பதவிகள் பதிவாகியிருக்கின்றன. கூலி வேலை செய்த வீடுகளின் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வரிசைகளில்தான் இருப்பார்கள்.

வீட்டில் ஆரம்பிப்பதுதான் சரி. எங்கள் அத்தையின் தகரப் பெட்டியில் பத்திரங்களுக்கு அடியில் சில மணியார்டர் துண்டுகள் கிடந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் கிழித்துக் கொடுக்கும் கீழ்ப்பகுதி அது. யாரோ ஒரு குமாஸ்தா எழுதிய ஆங்கிலத்தில் ஒரு எண்ணும், பெயரும், படைப்பிரிவின் சுருக்கெழுத்தும் இருந்தன. கூடவே அவருடைய அம்மாவுக்கு வந்த பென்ஷன் காகிதத்தின் பழுப்பேறிய நகல் ஒன்றும் இருந்தது. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். படித்தவர்களான நாங்கள்தான் அந்தப் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் கதை பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி. பெயரை வைத்துத் தேடினால் கடலில் விழுந்த மாதிரிதான். பழனிச்சாமி என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். எழுதிய குமாஸ்தா பஞ்சாபியாகவோ வங்காளியாகவோ இருந்தால் இன்னும் இரண்டு விதம் கூடும். பட்டாள எண்ணை மட்டும் யாரும் பெரும்பாலும் மாற்றி எழுதுவதில்லை. உங்கள் வீட்டில் பதக்கம் ஏதாவது இருந்தால் அதன் விளிம்பைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்களில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் விளிம்பில் பொறித்திருப்பது உண்டு.

இரண்டு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் படையினரின் பதிவுகளைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. 1917-ல் தொடங்கியது. அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் தேடலாம். கல்லறை என்ற பெயரைப் பார்த்து, எரிக்கப்பட்டவர்களும் உடல் கிடைக்காதவர்களும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களைத் தகன நினைவுச் சின்னங்களில் பொறித்திருக்கிறார்கள். கோஹிமாவில் அப்படி 900-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும், இம்பாலில் 800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் உள்ளன. பர்மாப் போரில் இறந்து, கல்லறை எங்கே என்று தெரியாதவர்கள், ரங்கூனுக்கு (இன்றைய யாங்கோன்) வடக்கே தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கிறார்கள். அங்கே மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள். போர்முனைக்கே போகாமல் நாட்டுக்குள் முகாமிலோ மருத்துவமனையிலோ இறந்தவர்களுக்கு டெல்லி-கராச்சி நினைவுச் சின்னம் என்று ஒன்று இருக்கிறது. அதில் 25,000-க்கும் மேற்பட்டவர்கள். ‘அவர் சண்டைக்கே போகவில்லை, பட்டாளத்தில் இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டார், அவர் பெயரெல்லாம் எங்கே இருக்கப்போகிறது’ என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேதியிலும் தாராளம் உண்டு. இரண்டாம் போருக்கான பதிவுக் காலம் 1939 செப்டம்பர் 3-லிருந்து 1947 டிசம்பர் 31 வரை. போர் முடிந்த பிறகு 1946-ல் ராணுவச் சேவையில் இருக்கும்போதே இறந்தவரையும் அதில் தேடலாம்.

எண் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? ‘கூடுதல் தகவல்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘இன்னாரின் மகன், இன்ன ஊர்’ என்று அதில் எழுதியிருப்பார்கள். பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரையோ தாலுகாப் பெயரையோ போட்டு, ‘இந்தியப் படை’ என்று வடிகட்டித் தேடுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆந்திராவில் ஒரு சித்தூர் இருக்கிறது, அங்கேயும் தமிழ் பேசும் ஊர்கள் நிறைய, அங்கிருந்தும் ஏராளமானவர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். அந்தச் சித்தூர் அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் ஒரு மாவட்டம். எங்கள் சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் ஒரு தாலுகா. பக்கத்திலிருக்கும் பாலக்காடோ மெட்ராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. கேரளம் என்ற மாநிலம் 1956 நவம்பர் 1-ல்தான் பிறந்தது. ஆகவே ‘கேரளம்’ என்று போட்டுத் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள். கொச்சி, மலபார், கோயம்புத்தூர், மெட்ராஸ் என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லைக்காரர்கள் முகவரி சொல்லும்போது பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லிவிடும் வழக்கம் அன்றும் இருந்திருக்கும் அல்லவா?

எண்ணைப் போட்டதும் சின்ன அப்பாரு கிடைத்தார். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது, அப்பா பெயர் சரியாக இருந்தது. இடம், இம்பால் தகன நினைவுச் சின்னம். காலம், 1944 செப்டம்பர்.

அந்தத் தேதிதான் வீட்டுக் கதையைக் கலைத்தது. இம்பால் முற்றுகை 1944 மார்ச்சில் தொடங்கியது. ஜூன் 22-ல் கோஹிமா சாலை மீண்டும் திறந்தது. ஜூலையில் ஜப்பானியப் படை பின்வாங்கிவிட்டது. செப்டம்பரில் நம் படை அடைமழையில் அவர்களைத் துரத்திக்கொண்டு பர்மா பக்கம் டிட்டிம் சாலையிலும் காபா பள்ளத்தாக்கிலும் போய்க்கொண்டிருந்தது. அந்த வழியில் ஜப்பானியரைவிடப் பெரிய எதிரிகள் மலேரியா, சீதபேதி, உண்ணிக் காய்ச்சல். பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் தந்திருக்கும் ஒரு கணக்கு என்னைத் தூக்கிவாரிப்போட்டது. 1943-ல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும், நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். பிறகு மெப்பாக்ரின் மாத்திரையை எல்லாரும் விழுங்குகிறார்களா என்று அதிகாரிகள் நேரில் நின்று பார்க்கும்படி உத்தரவு போட்டு மலேரியாவைக் குறைத்தார்கள். மாத்திரை தின்றவர்களின் தோல் மஞ்சளாகிவிடும். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்தே இல்லை.

மழைக்காலத்தில் அந்தச் சாலைகளைத் திறந்து வைத்திருந்தவர்கள் பயனியர்களும் சாப்பர்களும். மண் சரிந்தால் அள்ள வேண்டும், அள்ளிய இடத்தில் மறுபடியும் சரியும். தார் தோய்த்த சணல் துணியைப் பாய்போல விரித்து, அதன்மேல் லாரியும் விமானமும் ஓடுவதற்குத் தளம் போட்டார்கள். அந்தத் தளத்துக்கு அடியில் இருந்த மண்ணை நிரவியவர்களில் நிலக்கடலைக் காட்டுப் பையன்களும் இருந்தார்கள்.

இறப்பின் காரணத்தை ஆணையத்தின் பதிவு சொல்வதில்லை. எங்கள் பென்ஷன் காகிதம் சொன்னது. போர்க்களப் பணியில் ஏற்பட்ட நோயால் இறந்தார் என்று அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதாவது, பென்ஷன் வாங்கிய அம்மாவுக்கு உண்மை தெரிந்திருக்கும். குண்டு எங்கள் குடும்பத்துக்குள் வந்தது பிற்பாடுதான்.

இதை வாசித்துச் சொன்னபோது அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. “காய்ச்சலில் செத்தார் என்று வெளியில் சொல்லாதே கண்ணு, சுட்டுச் செத்தார் என்றே இருக்கட்டும்” என்றார். எனக்கு இதில் உடன்பாடில்லை. அத்தையிடம் வாதாடினேன், இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். குண்டில் செத்தால் கௌரவம், சீதபேதியில் செத்தால் கேவலம் என்ற கணக்கு, ராணுவத்தைச் சினிமாவில் பார்த்தவர்கள் போட்ட கணக்கு. சாலை இல்லாமல் ஒரு பீரங்கியும் நகர்ந்திருக்காது. தமிழர்கள் பெருமையோடு நினைக்க வேண்டிய சுபேதார் சுப்பிரமணியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து போனவர், பிரிட்டனின் உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடியின்மேல் தானே விழுந்து உடன் இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். அவரும் பாலமும் பாதையும் போடும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்காரர்தான். எங்கள் சின்ன அப்பாரு அப்படி எதுவும் செய்ததாக ஆவணம் இல்லை. செய்ததாக நாமே எழுதிக்கொள்ளவும் வேண்டாம். மாதாமாதம் பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில் அண்ணனின் பண்ணையக் கடன் தீர்ந்தது. அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இவ்வளவும் மணியார்டர் துண்டுகளால் நிரூபிக்கக்கூடியவை. இதற்கு மேல் என்ன அலங்காரம் தேவை?

அதேபோல, பழைய சிப்பாய் படம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று ஒரு பங்காளி யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நாம் மாலை போடுவது நியாயமில்லை. ஆணையத்தின் தளத்திலிருந்து பெயர், எண், படை, தேதி, இடம் உள்ள சான்றிதழை இறக்கி அச்சிட்டு மாட்டினோம். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் ஆவண நகலோடு எழுதித் திருத்தம் கேட்கலாம்.

இந்தச் செய்தி ஊரில் பரவியதும் ஒருவர் வந்து, பிரிட்டன் அரசிடமிருந்து நிலுவைத் தொகை வாங்கித் தருவதாகவும், முன்பணமாகக் கொஞ்சம் வேண்டும் என்றும் சொன்னார். திருமணமாகாமல் 1944-ல் இறந்தவருக்கு, பென்ஷன் வாங்கிய அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அண்ணனின் பேரனுக்கு எந்த அரசு என்ன கொடுக்கப்போகிறது? காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். தேடுவதற்குக் காசு கேட்கும் யாரையும் நம்பாதீர்கள்.

காசு செலவாகும் இடம் ஒன்று உண்டு, அது படைப்பிரிவின் நாட்குறிப்பு. தென்கிழக்கு ஆசியப் போர்முனையின் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், நகலுக்குத்தான் கட்டணம். சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் வருவது அரிது. படைப்பிரிவு எந்த மாதம் எந்தச் சாலையில் இருந்தது என்பது தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கு அது உதவும். நேரில் போகக்கூடிய உறவினர் யாராவது அங்கே இருந்தால் அவரைப் பிடியுங்கள்.

இம்பாலுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: 2020 முதல் மணிப்பூருக்குள் நுழைய வெளிமாநிலத்தவர் உள்நுழைவு அனுமதி வாங்க வேண்டும். இணையத்திலும் வாங்கலாம், இம்பால் விமான நிலையத்தில் இறங்கியதும் வாங்கலாம். 2023 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு அங்கே நிலவரம் எப்படி என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் அதற்கு முன்பே போய்வந்தேன். இந்தியப் படைக் கல்லறை என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இம்பால் போர்க் கல்லறை என்ற வேறொன்றுக்கு ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். பதிவில் உள்ள இடக் குறிப்பை எழுதிக்கொண்டு போனால் பெயரைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்.

முதல் உலகப் போரில் போனவர்களைத் தேடுகிறவர்கள் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் உள்ள 1914-1918 மெட்ராஸ் நினைவுச் சின்னத்தின் பட்டியலையும் பார்க்கலாம். ஆனால் அந்தப் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்கத் தொழிலாளர்களில் ஏராளமானவர்களின் பெயர்களே பொறிக்கப்படவில்லை என்று ஆணையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டிருக்கிறது. கிடைக்காவிட்டால் அவர் போகவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

தாலுகாப் பெயரைப் போட்டுத் தேடியபோது எங்கள் சுற்றுவட்டாரத்துப் பெயர்கள் இன்னும் சில வந்தன. சிலருடைய வீடுகளைக் கண்டுபிடித்துச் சான்றிதழைக் கொடுத்துவிட்டோம். ஒரு வீட்டில் அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது என்றார்கள். பிறகு உள்ளேயிருந்து ஒரு பாட்டி வந்து, “அது எங்கள் மாமனாரின் அண்ணன்” என்றார். மற்றவர்களின் ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கிறது. சந்தை நாளில் வேலந்தாவளத்தில் வயதானவர்களிடம் அந்தப் பெயர்களை வாய்விட்டு வாசித்துக் காட்டினால் ஊர் பிடிபடுகிறது. எழுத்தில் பார்த்தால் புரியாதது காதில் விழுந்தால் புரிந்துவிடுகிறது. அடுத்த சந்தைக்கும் பட்டியலோடு போகிறேன்.